மிதவைத் தொட்டியில் முதல் ஒரு மணி நேரம்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது

மிதவைத் தொட்டி, அதாவது ஃப்ளோட் டேங்க், என்பது ஒரு அடிக்கும் குறைவான ஆழமுள்ள தண்ணீர்த் தொட்டி. அதில் ஏறத்தாழ அரை டன் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) கரைந்திருக்கும். தண்ணீரின் அடர்த்தி சாக்கடலுக்கு நிகராக இருப்பதால் மல்லாந்து படுத்தாலே உடம்பு மேலே நிற்கும். நீச்சல் தெரிய வேண்டியதில்லை. சூடு 34, 35 டிகிரி செல்சியஸ், அதாவது தோலின் சூடு. விளக்கை அணைத்துக் காதை அடைத்துக்கொண்டு கிடப்பதுதான் வேலை.

டொராண்டோவில் இப்படி ஒரு மையத்தின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது இருட்டைப் பற்றித்தான். ஆனால் பாதியில் எழுந்து வருபவர்களிடம் என்ன ஆயிற்று என்று கேட்டால் இருட்டு என்று சொல்பவர்கள் குறைவு. கண்ணில் உப்பு, காலையில் சவரம் செய்த கன்னம், பிடித்துக்கொண்ட கழுத்து, அடக்க முடியாத மூத்திரம் என்றுதான் சொல்வார்கள். கழுத்தைத் தவிர மற்றவை தொட்டிக்குள் கால் வைப்பதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டியவை. அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள்.

1. போகலாமா என்று முதலில் பாருங்கள்

கட்டுக்குள் வராத வலிப்பு நோய், ஆறாத புண், தொற்றக்கூடிய தோல் நோய், காதுத் தொற்று இருந்தால் இப்போதைக்கு வேண்டாம். வயிற்றுப்போக்கு வந்து நின்றிருந்தாலும் இரண்டு வாரம் கழித்துப் போங்கள். அந்தத் தண்ணீர் அடுத்தவருக்கும் வேண்டும்.

குறைந்த ரத்த அழுத்தம், சிறுநீரக நோய், இதய நோய், செவிப்பறையில் ஓட்டை, இல்லாததைக் காணும் மனநோய் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு முன்பதிவு செய்யுங்கள். கர்ப்பிணிகளும் அப்படியே. வயிறு பெரிதான மாதங்களில் முதுகுப் பாரம் இறங்குவதற்காகவே வரும் பெண்கள் உண்டு, ஆனால் அவரவர் மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும்.

மாதவிடாய் நாளில் டாம்பூனோ கப்போ பழக்கமிருந்தால் வரலாம். இல்லையென்றால் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் போன் செய்து சொன்னால் போதும், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

மூடிய இடம் என்றால் பயமா? அது தடையே இல்லை. அடுத்த படியிலேயே அதற்கு வழி இருக்கிறது.

2. முன்பதிவு செய்யும்போது நான்கு கேள்வி

எந்த வகைத் தொட்டி என்று முதலில் கேளுங்கள். முட்டை ஓடு போல மூடி இறங்கும் பாட், கதவு வைத்து நிமிர்ந்து நிற்குமளவு உயரமுள்ள கேபின், மூடியே இல்லாத திறந்த குளம் என்று பொதுவாக மூன்று வகை. மூடிய இடத்துக்குப் பயப்படுபவர்கள் கேபினோ குளமோ கேட்டு வாங்குங்கள். 2018-ல் அமெரிக்காவின் டல்சாவில் உள்ள மூளை ஆய்வு நிலையம் கவலை, மன அழுத்தம் தொடர்பான நோய் உள்ள 50 பேரை ஒரு மணி நேரம் மிதக்கவிட்டுப் பார்த்தபோது பயன்படுத்தியதும் மூடியில்லாத குளம்தான். அதில் மிதந்து முடித்த கையோடு பதற்றம் குறைந்ததாகத் தெரிந்தது. மூடி இறங்கினால்தான் பலன் என்பதில்லை.

இரண்டாவது, விளக்கையும் மூடியையும் உள்ளே இருந்தபடி நீங்களே இயக்க முடியுமா? முடியும் என்று பதில் வந்தால்தான் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? ஒவ்வொருவர் போன பிறகும் தண்ணீர் முழுவதும் வடிகட்டி வழியாகச் சில சுற்று ஓட வேண்டும். பொதுவாக அதற்குக் கால் மணியிலிருந்து அரை மணி ஆகும். ஐந்து நிமிடத்தில் அடுத்தவரை அனுப்பும் இடத்துக்குப் போகாதீர்கள்.

நான்காவது, குளியலறை தொட்டி அறைக்குள்ளேயே இருக்கிறதா? உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் துண்டைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நடப்பது யாருக்கும் பிடிக்காது.

முதல் தடவைக்கு ஒரு மணி நேரம் சரியான அளவு. தொண்ணூறு நிமிடம் நல்லதுதான், ஆனால் உங்கள் உடம்பு இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரியாமல் அதற்குக் காசு கட்டாதீர்கள். பிறகு எந்த அவசரமும் இல்லாத நேரமாகப் பாருங்கள். ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டுமென்றால் நான்கு மணிக்கு முடியும் நேரத்தைக் கேட்காதீர்கள், படுத்திருக்கும் நேரமெல்லாம் மனது மணி பார்த்துக்கொண்டே இருக்கும்.

3. இரண்டு நாள் முன்பிருந்து: தோலையும் தலையையும் தொடாதீர்கள்

நம் ஆட்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஒரு நல்ல இடத்துக்குப் போகிறோம் என்றால் முதல் நாளே புருவம் திருத்தி, கைகால் வேக்ஸ் செய்து, தலைக்கு எண்ணெய் வைத்துக் கிளம்புவது நம் வழக்கம். இந்த ஒரு இடத்துக்கு அது ஆகாது.

சவரம், வேக்ஸிங், திரெடிங் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விடும். சாதாரணத் தண்ணீரில் அது தெரியாது. அடர்ந்த உப்புத் தண்ணீரில் ஒவ்வொரு கீறலும் எரியும். காலையில் சவரம் செய்துவிட்டு மாலையில் வந்த ஒருவர், தாடையில் எறும்பு வரிசையாகப் போவதுபோல் இருக்கிறது என்று பதினைந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிட்டார். குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி விடுங்கள். வேக்ஸிங்குக்கு இரண்டு நாள்.

தலைச்சாயமும் மருதாணியும் அலசும் தண்ணீர் நிறமில்லாமல் ஓடும்வரை காத்திருக்க வேண்டும். அது தொட்டியின் தண்ணீரையே கெடுத்துவிடும், சாயம் கலந்தால் மொத்தத் தண்ணீரையும் மாற்றும் செலவை உங்களிடமே வாங்கும் மையங்கள் உண்டு. கையெழுத்துப் போடும் படிவத்தில் அது எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து ஒரு நாளாவது ஆகியிருக்கட்டும். தேங்காய் எண்ணெய் ஊறிய தலையை ஒரு தடவை ஷாம்பு போட்டால் போதாது. மிச்சம் தண்ணீர்மேல் படலமாக மிதந்து வடிகட்டியை அடைக்கும்.

புதிதாகப் பச்சை குத்தியிருந்தால், காதோ மூக்கோ குத்தியிருந்தால், முழுக்க ஆறிய பிறகு வாருங்கள். குளிர்காலத்தில் விரல் மூட்டில் தோல் வெடித்திருப்பதும் புண் கணக்குதான். அதற்கு வாசலின் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

4. அன்றைய சாப்பாடும் காபியும்

மிதப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு லேசாக ஏதாவது சாப்பிட்டிருங்கள். இரண்டு இட்லி போதும். பசியோடு படுத்தால் அந்த நிசப்தத்தில் வயிறு கடமுடா என்பது மட்டும்தான் கேட்கும். பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தால் ஏப்பத்தில் உப்புக்காற்றும் மசாலாவும் கலந்து ஒரு வழியாகிவிடுவீர்கள்.

காபி, டீயை நான்கைந்து மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். படபடப்பு ஒரு காரணம். இன்னொன்று, உடம்பு தண்ணீரில் கிடக்கும்போது சிறுநீர் கூடுதலாகச் சுரப்பது இயல்பு, காபி அதைக் கூட்டும். மது குடித்திருந்தால் உள்ளே விட மாட்டார்கள், விடவும் கூடாது.

கான்டாக்ட் லென்ஸுக்குப் பதில் கண்ணாடி போட்டு வாருங்கள். லென்ஸுக்கு அடியில் உப்பு போனால் கழற்றும்வரை வேதனைதான்.

நகைகளை வீட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. கல் பதித்த மூக்குத்தி, கொலுசு, மெட்டி எல்லாவற்றின் இடுக்கிலும் உப்பு இறங்கிக் காய்ந்துவிடும். தாலியைக் கழற்ற மனமில்லை என்று சொல்பவர்கள் உண்டு. சங்கிலி என்றால் பிறகு நல்ல தண்ணீரில் நன்றாக அலசிவிடலாம். மஞ்சள் கயிறு, பூணூல், அரைஞாண், கையில் கட்டிய கறுப்புக் கயிறு எல்லாம் உப்புத் தண்ணீரைக் குடித்து நாள் முழுக்கத் தோலை அரிக்கும். முன்கூட்டியே சொன்னால் மையத்தில் ஏதாவது வழி சொல்வார்கள்.

5. அறைக்குள் நுழைந்ததும்: இந்த வரிசைதான் முக்கியம்

இந்தப் பத்து நிமிடம் சரியாக இருந்தால் மிச்சம் தானாக நடக்கும். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக.

முதலில் கழிப்பறை. வரவில்லை என்றாலும் போய்விட்டு வாருங்கள்.

போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். அதிர்வில் போட்டு மர பெஞ்சில் வைத்தால் அந்த உர்ர் சத்தம் தொட்டிக்குள் வந்து சேரும்.

அப்புறம் உடுப்போடு இருக்கும்போதே தொட்டியை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். விளக்குப் பொத்தான் எது, உதவிக்கு அழைக்கும் பொத்தான் எது, மூடியை எப்படித் தள்ளினால் திறக்கிறது? மூடிக்குப் பூட்டு கிடையாது, லேசாகத் தள்ளினால் போதும். அதை உங்கள் கையாலேயே இரண்டு தடவை திறந்து மூடிப் பார்த்தால் பயம் பாதி குறையும். முகம் துடைக்கும் சின்னத் துண்டும் நல்ல தண்ணீர் நிரப்பிய ஸ்பிரே பாட்டிலும் படுத்த நிலையில் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

அடுத்தது காது அடைப்பான். குளிப்பதற்கு முன்பே வைத்துவிடுங்கள். மெழுகு அல்லது சிலிக்கான் அடைப்பான் காய்ந்த தோலில்தான் ஒட்டும். குளித்த பிறகு ஈரக் காதில் வைத்தால் வழுக்கிக்கொண்டே இருக்கும். உருட்டிக் காதுத் துளையின் வாயில் வைத்துத் தட்டையாக அமுக்குங்கள், ஆழமாகக் குத்தித் தள்ளாதீர்கள். ரயிலில் தூங்குவதற்கு வாங்கிய பஞ்சு அடைப்பான் தண்ணீரை உறிஞ்சும், இங்கே உதவாது.

இப்போது குளியல். சோப்பும் ஷாம்பும் போட்டு முழுக் குளியல். கண் மை, குங்குமம், விபூதி, ஸ்டிக்கர் பொட்டு, கிரீம் எல்லாம் போக வேண்டும். கண்டிஷனர் மட்டும் இப்போது வேண்டாம், அது கடைசியில்.

குளித்ததும் முகத்தையும் நெற்றியோர முடியையும் நன்றாகத் துடையுங்கள். பலரும் எப்படியும் தண்ணீருக்குள்தானே போகப் போகிறோம் என்று இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் முகம் தண்ணீருக்கு வெளியேதான் இருக்கப் போகிறது. அங்கே ஒரு துளி மெதுவாக இறங்கினால் அரிக்கும். அரித்தால் கை போகும். கையில் உப்பு இருக்கும். பாதி விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

கடைசியாக வாசலின். கீறல், நகக்கண், வெடிப்பு இருக்கும் இடத்தை மட்டும் ஒற்றித் துடைத்துவிட்டுப் பூசுங்கள். ஈரத்தின்மேல் பூசினால் ஒட்டாது. பூசிய விரலைத் துண்டில் துடைத்துவிடுங்கள்.

நீச்சல் உடை? தனி அறை என்றால் பெரும்பாலானவர்கள் ஒன்றும் போடாமல்தான் மிதக்கிறார்கள். துணியின் விளிம்பு அழுத்துவதை அந்த நிலையில் உடம்பு விடாமல் கவனிக்கும், அதனால்தான். கூச்சமாக இருந்தால் போட்டுக்கொள்ளலாம், யாரும் பார்க்கப் போவதில்லை, கேட்கப் போவதுமில்லை.

6. தொட்டிக்குள் இறங்குவது

உப்புத் தண்ணீர் பட்ட தரை எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும். கைப்பிடியைப் பிடித்து ஒரு கால், பிறகு இன்னொரு கால். நின்றுகொண்டே மூடியைச் சாத்தப் பார்க்காதீர்கள். முதலில் உட்காருங்கள், பிறகு மூடி.

உட்கார்ந்ததும் கால்கள் தாமாக மேலே கிளம்பும். அதில் பதறிக் கையை அடித்தால் முகத்தில் தெறிக்கும். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, முதுகை மெதுவாகச் சாய்த்து, கடைசியில் தலையை விடுங்கள். விளக்கு இன்னும் எரியட்டும்.

கண்ணில் உப்பு பட்டுவிட்டால் விரலால் தேய்க்காதீர்கள். விரலிலும் அதே உப்புதான் இருக்கிறது. எழுந்து உட்கார்ந்து, கண்ணை மூடியபடியே ஸ்பிரே பாட்டிலைத் தேடி எடுத்து, கண்ணுக்கு நேராக நல்ல தண்ணீரை அடித்து, துண்டால் ஒற்றுங்கள். ஒரு நிமிடத்தில் அடங்கும். பாட்டிலை எட்டும் இடத்தில் வைக்கச் சொன்னது இதற்குத்தான். அடங்கவில்லை என்றால் வெளியே வந்து ஷவரில் கழுவிவிட்டுத் திரும்பப் போகலாம், நேரம் ஒன்றும் பெரிதாகப் போய்விடாது.

வாய்க்குள் கொஞ்சம் போனால் துப்பிவிடுங்கள். கசக்கும். நம் ஊர்ப் பேதி உப்பும் இதே சரக்குதான் என்பதால் விழுங்காமல் இருப்பது வயிற்றுக்கு நல்லது.

7. முதல் பத்து நிமிடம்: கழுத்து

உடம்பு மிதக்கிறது என்பதை மூளை நம்பிவிடும், தலை மிதக்கும் என்பதை மட்டும் நம்பாது. அதனால் புதியவர்கள் தங்களுக்கே தெரியாமல் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள். இருபது நிமிடத்தில் பிடரி வலிக்கும். வெளியே வந்து மிதந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது என்பார்கள்.

தலையை முழுக்கப் பின்னால் விடுங்கள். காது தண்ணீருக்குள் போய்விடும், தண்ணீர் கன்னத்தோரம் வந்து நிற்கும், அதற்கு மேல் ஏறாது. நம்பிக்கை வரும்வரை இரண்டு உள்ளங்கைகளையும் பிடரிக்கு அடியில் கோத்துக்கொள்ளலாம். பல இடங்களில் தலைக்கு வைக்க மிதவை வளையம் தருவார்கள். முதல் தடவை அதைக் கேட்டு வாங்கிக்கொள்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

கைகளைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். தோள் இறுக்கமாக இருந்தால் தலைக்கு மேலே தூக்கிச் சரணடைவதுபோல் விடுங்கள், பலருக்கு இதுதான் சுகமாக இருக்கும்.

உடம்பு மெல்ல நகர்ந்து சுவரில் இடிக்கும். இடித்ததும் தள்ளினால் எதிர்ச்சுவருக்குப் போவீர்கள். அதற்குப் பதில் இரண்டு பக்கச் சுவரையும் கையால் தொட்டு, அசைவு நிற்கும்வரை காத்திருந்து, பிறகு கையை எடுங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு விளக்கை அணையுங்கள். முழு இருட்டு வேண்டாம் என்றால் மங்கலாக வைத்துக்கொள்ளுங்கள், அல்லது மூடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு அதில் துண்டைச் சொருகுங்கள். கொஞ்சம் குளிர்காற்று வரும், அவ்வளவுதான் நஷ்டம்.

8. நடுவில் வரக்கூடியவை

சொந்த இதயத்துடிப்பு காதுக்குள் பெரிதாகக் கேட்கும். காது அடைத்திருப்பதால் வரும் சத்தம் அது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

திடீரென்று உடம்பு தூக்கிப் போடலாம். படுக்கையில் தூக்கம் பிடிக்கும்போது வருகிற அதே உதறல். தண்ணீர் என்பதால் அலை கிளம்பும், முகத்தில் தெறித்தால் மேலே சொன்ன துண்டு, ஸ்பிரே.

சிலருக்குச் சுற்றுவதுபோலவும் குமட்டுவதுபோலவும் இருக்கும். கப்பல், கார் பயணம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது கூடுதல். ஒரு காலால் தொட்டிச் சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் பெரும்பாலும் நிற்கும். நிற்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். உள்ளேயே பொறுத்துக்கொண்டு இருக்கச் சொல்லி யாரும் பரிசு தருவதில்லை.

மூச்சை எண்ணலாம், எண்ணாமலும் இருக்கலாம். தியானம் செய்ய வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முயல்பவர்களுக்குத்தான் நேரம் நகர மறுக்கிறது. நாளைய சமையல், கட்டாத பில், பழைய சண்டை எல்லாம் முதல் அரை மணி நேரம் வரிசையாக வரும். வரட்டும். தூக்கம் வந்தாலும் தூங்கலாம், அந்த அடர்த்தியில் தூக்கத்தில் குப்புறப் புரள்வது சுலபமில்லை.

ஒளி தெரியும், உடலைவிட்டு வெளியே போவீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். முதல் தடவை பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இரண்டுதான்: தோள் தளரும், நேரக்கணக்கு தப்பும். தோல் வழியே மெக்னீசியம் உடம்பில் ஏறும் என்ற பேச்சுக்கும் வலுவான ஆதாரம் கிடையாது. உப்பு அங்கே இருப்பது உங்களை மிதக்க வைப்பதற்காக.

9. வெளியே வருவது

நேரம் முடிந்ததும் மெல்லிய இசையோ விளக்கோ வரும். உடனே துள்ளி எழாதீர்கள். ஒரு மணி நேரம் வெதுவெதுப்பில் மல்லாந்து கிடந்த உடம்பு சட்டென்று நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். முதலில் கைவிரல், கால்விரல் அசைவு, பிறகு உட்காருவது, ஒரு நிமிடம் கழித்து நிற்பது. அதற்காக மறுபடி படுத்துவிடவும் வேண்டாம். பல தொட்டிகளில் சிறிது நேரத்தில் வடிகட்டும் பம்பு தானாக ஓட ஆரம்பிக்கும், அந்தச் சத்தத்தில் அலறியவர்கள் இருக்கிறார்கள்.

உட்காரும்போது தலையைக் குனியாதீர்கள். கண்ணில் உப்பு போவது உள்ளே போகும்போதைவிட இப்போதுதான் அதிகம், முடியிலிருந்து ஒழுகுவது நேராகப் புருவத்துக்கு வரும். முகத்தை மேலே நிமிர்த்தி, இரண்டு கையாலும் முடியைப் பின்பக்கமாகப் பிழிந்து தொட்டிக்குள்ளேயே வடியவிடுங்கள். நீள முடி என்றால் இரண்டு மூன்று தடவை. பிறகு துண்டால் நெற்றியை ஒற்றிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து வெளியே வாருங்கள்.

ஷவரிலும் கண்ணை மூடியபடி தலையைத்தான் முதலில் கழுவ வேண்டும். அதன் பிறகு காது அடைப்பானை எடுங்கள். முதலிலேயே எடுத்தால் தலையிலிருந்து இறங்கும் உப்பெல்லாம் காதுக்குள் போகும். எடுத்ததும் வெதுவெதுப்பான தண்ணீரைக் கையில் ஏந்திக் காதைச் சாய்த்து அலசுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். தண்ணீர் கலந்த வினிகர் பாட்டில் அங்கே வைத்திருந்தால் ஓரிரு சொட்டு விடலாம், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் மட்டும் அதைத் தொடவே கூடாது.

இப்போது கண்டிஷனர் போடுங்கள். உப்பில் ஊறிய முடி நார்போல் முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் சீப்பு இறங்காது. முழங்கை, காதின் பின்பக்கம், தொப்புள் மூன்றையும் மறக்காமல் கழுவுங்கள், வீட்டுக்குப் போனதும் வெள்ளையாகப் பூத்து நிற்பது அங்கேதான்.

10. வீட்டுக்குக் கிளம்பும் முன்

கால் மணி நேரம் உட்கார்ந்து தண்ணீரோ பால் விடாத டீயோ குடியுங்கள். நிதானம் முழுசாகத் திரும்பும்வரை கார்ச் சாவியைத் தொடாதீர்கள். குளிர்காலம் என்றால் தலையை நன்றாகக் காயவைத்துத் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கவுண்டரில் மூன்று தடவைக்கான சலுகைச் சீட்டு விற்பார்கள். முதல் தடவையில் பாதி நேரம் கழுத்தையும் கையையும் எங்கே வைப்பது என்று பழகுவதிலேயே போய்விடும் என்பதால் இரண்டாவது தடவை எல்லோருக்குமே சுலபமாக இருக்கும். அந்த வகையில் அது நியாயமான வியாபாரம்தான். ஆனாலும் வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து யோசித்து வாங்குங்கள். போவதென்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் போங்கள், பழகியது மறந்திருக்காது.

மறுநாள் காது மடலில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் வலியோ அடைப்போ இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், அடுத்த முன்பதிவை அதுவரை தள்ளிப்போடுங்கள்.